விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு எங்கெங்கே அடிபடும்?

கேள்வி இதுதான்: "மகன் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கப் போகிறான். வெளியில் தங்கிப் பழக்கமில்லை. காயம், விபத்து என்று எதற்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்?"

"பார்த்துப் போப்பா, ஜாக்கிரதையா இரு" என்று சொல்லி அனுப்புவதால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. பதினெட்டு வயதுப் பையன் காதில் அது விழாது. விழுந்தாலும், எதைப் பார்த்துப் போவது என்ற விவரம் அதில் இல்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரும் காயங்களில் புதிதாக எதுவும் கிடையாது. இரவல் வாங்கிய வண்டி, பக்கெட்டில் போட்ட ஹீட்டர் ராடு, கார்க்கில் செருகும் கண்ணாடிக் குழாய், ஆழம் தெரியாத மடு என்று இடங்கள் எண்ணி வைத்தாற்போல இருக்கின்றன. பையனின் சுபாவத்தை மாற்ற முடியாது. அந்த இடங்களில் இருக்கும் பொருளையும் ஏற்பாட்டையும் மாற்ற முடியும். அந்தக் கணக்கில்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதலில் வண்டி. உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லூரி மாணவர்கள் அந்த வயதின் நடுவில் நிற்கிறார்கள். வண்டி வாங்கித் தரவில்லை, அதனால் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். விடுதியில் ஒரு வண்டி இருந்தால் அது பத்துப் பேருடைய வண்டி. வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவன், ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா சாப்பிட சீனியரின் கியர் வண்டியை எடுப்பான். பிரேக் எவ்வளவு பிடித்தால் நிற்கும் என்று அவன் கைக்குத் தெரியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்க வேண்டும், 125 வரை என்றால் குறைந்தது இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ். அதற்கு முந்தைய பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டும் இருக்காது. அதில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், அதுவும் மழை ஈரத்தில், சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். மழை தொடங்கின முதல் சில நிமிடங்கள்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுவழுவென்று ஆகிவிடும்.

அதனால் பையனுக்கு ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். யார் வண்டியானாலும் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் வேகத்தில் இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும், டயரைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும், பின் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. 60 கி.மீ. வேகத்தில் போகிறவன் எதிரே எதையோ பார்த்து, பிரேக்கில் கை வைப்பதற்குள் ஒரு நொடி போனாலே 17 மீட்டர் கடந்திருப்பான். ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம்.

ஹெல்மெட்டைக் கையோடு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், அதுவும் அவன் தலையை அளந்து. புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றினால் 58 செ.மீ. வந்தால் பெரும்பாலும் மீடியம். போட்டுப் பட்டையை மாட்டிய பிறகு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது ஹெல்மெட் அல்ல, தொப்பி. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. உள்ளே வெறும் பஞ்சு இருந்தால் வேண்டாம். பஞ்சுக்குப் பின்னால் கெட்டியான தெர்மகோல் அடுக்கு இருக்க வேண்டும். அடி விழும்போது நசுங்கித் தலையைக் காப்பது அந்த அடுக்குதான். ஒரு முறை நசுங்கினால் அது மீளாது. வெளியே கீறல்தானே என்று விபத்துக்குள்ளான ஹெல்மெட்டையே தொடர்ந்து போடுவது வீண். ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டவிரோதம். பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பதுதான் சட்டம். விடுதிப் பையன்கள் பெரும்பாலும் பின்னால் உட்காருபவர்கள், ஆகவே வண்டி இல்லாதவனுக்கும் ஹெல்மெட் தேவை.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதலாக. துப்பட்டா பின் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்குவது திடீரென்று நடக்கும், சுதாரிக்க நேரம் இருக்காது. ஏறுமுன் இரு முனையையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும், அல்லது பைக்குள் வைக்க வேண்டும். பைக் கம்பெனி தரும் சேலைக் காப்புக் கம்பியை அழகுக்காகக் கழற்றிய வண்டியில் ஏறவே கூடாது.

பேருந்தில் போகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? "படியில் பயணம் நொடியில் மரணம்" என்று பேருந்திலேயே எழுதித்தான் இருக்கிறது. அதற்குக் கீழேதான் தொங்குகிறார்கள். தொங்குபவன் பெரும்பாலும் கை நழுவி விழுவதில்லை. ஓரத்து மின்கம்பமோ, உரசிப் போகும் லாரியோ முதுகுப் பையை இழுக்கும், அவன் விழும் இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். காலை எட்டு மணி வகுப்புக்கு ஒரே ஒரு பேருந்து விடும் கல்லூரி, தொங்குவதற்கு மாணவனை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை.

அடுத்தது விடுதி அறை. இங்கே முதல் எதிரி வாட்டர் ஹீட்டர் ராடு. எல்லா விடுதியிலும் தடை, எல்லா விடுதியிலும் கட்டிலுக்கு அடியில் ஒன்று இருக்கும். இதை விவரமாகவே சொல்கிறேன், தடை என்று மட்டும் சொன்னால் யாரும் விடுவதில்லை.

ராடு பொதுவாக 1000 அல்லது 1500 வாட். விடுதி அறையில் மேசைக்கு மேலே இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட் வரைதான். 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். அதோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொருவன் கெட்டில் போட்டிருப்பான், அதுவும் 1500 வாட். ஒயர் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, பிளக்கின் முனை கருத்துப்போகும். தீ கிளம்புவது அங்கேதான். சாக்கெட் சிறியது, பிளக் பெரியது என்று பொருந்தாதபோது ஒயர் நுனியைச் சீவி நேரே ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகுவார்கள். இதில் எர்த் என்பதே இல்லை. ராடின் உறை எங்கேயாவது துருப்பிடித்து வெடித்திருந்தால், பக்கெட் தண்ணீர் முழுக்க மின்சாரம்.

சாவு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: தண்ணீர் சுட்டுவிட்டதா என்று ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலை விட்டுப் பார்ப்பது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவன் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போகும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். சில பழைய கட்டடங்களில் சுவிட்சை மின்சாரம் வரும் ஒயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் போட்டிருப்பார்கள். அணைத்தாலும் ராடில் மின்சாரம் நிற்கும்.

விரலை விடத் தேவையே இல்லை, கடிகாரம் போதும். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து குளிக்கிற சூடான 45 டிகிரிக்குக் கொண்டுவர 1500 வாட் ராடுக்கு ஏறத்தாழ 19 நிமிடம், 1000 வாட்டுக்கு 28 நிமிடம். போனில் அலாரம் வைத்துவிட்டால் முடிந்தது. வைக்காமல் ஒரு மணி நேரம் மறந்தால் அதே பக்கெட் கொதிநிலையை நெருங்கிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் குளியலறைக்கு நடப்பது அடுத்த விபத்து. தண்ணீர் வற்றி ராடு வெளியே தெரிந்தால் உறை வெடிக்கும்.

விடுதிக் காப்பாளர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. சோதனை போட்டு ராடு பறிமுதல் செய்வதை நாலு வருடம் செய்தாலும் ராடு வந்துகொண்டேதான் இருக்கும். தளத்துக்கு ஒரு கீசரும், ஒவ்வொரு தள மின்பலகையிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டால் பிரச்சினையின் வேர் போய்விடும். கசிவு மின்சாரம் அந்த அளவைத் தொட்டதும் அது கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியும் விழவில்லையென்றால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்.

யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் தொடாதீர்கள், மெயினை அணையுங்கள். மயங்கி விழுந்து தெளிந்துவிட்டான் என்றாலும் மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரின் கீழே 20 நிமிடம். ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுப்பதல்ல, முழு 20 நிமிடம். தோலுக்கு அடியில் இறங்கிய சூடு தணிய அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள்ளேயே மோதிரம், கயிறு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், பிறகு வீங்கிவிடும். ஐஸ் கூடாது. பேஸ்ட், மை, மாவு எதுவும் கூடாது. மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்துத்தான் காயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆய்வகத்துக்கு வருவோம். அமிலம்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைப்பார்கள். முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் ரத்தம் வருவது கண்ணாடியால். ரப்பர் கார்க்கின் ஓட்டையில் கண்ணாடிக் குழாயைச் செருகும்போது, கார்க்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து உள்ளங்கையால் தள்ளுவார்கள். குழாய் நடுவில் முறியும். தள்ளிக்கொண்டிருந்த கை நிற்காது. முறிந்த முனை நேரே உள்ளங்கையில் இறங்கும். அங்கே விரல்களை மடக்கும் நாண்களும் நரம்பும் இருக்கின்றன. அறுந்தால் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பிறகும் விரல் பழையபடி மடங்கும் என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குழாய் முனையைத் தீயில் காட்டி மழுக்கியிருக்க வேண்டும். ஓட்டையிலும் குழாயிலும் இரண்டு சொட்டு கிளிசரின் அல்லது தண்ணீர் தடவ வேண்டும். இரண்டு கையிலும் மடித்த துணி. கார்க்கிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குள் பிடித்து, தள்ளாமல் திருகி ஏற்ற வேண்டும். போகவில்லையா, ஓட்டை சின்னது. பலத்தைக் கூட்டாமல் வேறு கார்க் எடுக்க வேண்டும்.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். காரணத்தோடு சொன்னால் மறக்காது. அடர் கந்தக அமிலம் தண்ணீரைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு கனம். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே தங்கி, வெளிப்படும் சூட்டில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் இமையை விரலால் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிட வேண்டும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கெடுதல்; சோடியம் ஹைட்ராக்சைடு எரிச்சல் குறைந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே போகும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொல்லும் ஆசிரியர் இன்னமும் இருந்தால், நூறு ரூபாய்ச் சொச்சத்தில் கிடைக்கும் ரப்பர் பல்பு ஒன்றைப் பையன் கையில் கொடுத்தனுப்புங்கள்.

ஆய்வகக் கோட்டு பருத்தியில் இருக்க வேண்டும். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு லித்தியம் சேர்மத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது அதன் தண்டு கழன்றது. கோட்டு போட்டிருக்கவில்லை, மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அது உருகித் தோலோடு ஒட்டியது. 18 நாளில் இறந்துபோனார். அங்கே நடந்ததற்கும் நம் ஆய்வகத்துக்கும் ரசாயனம் வேறாக இருக்கலாம், நம் பிள்ளைகள் போடும் பாலியஸ்டர் கோட்டு அதே மாதிரிதான் உருகும்.

பட்டறையில் லேத், அதாவது உலோகத்தைச் சுழற்றிச் சீவும் இயந்திரம். வேலைப்பொருளைக் கவ்விச் சுழலும் பகுதிக்குச் சக் என்று பெயர்; அதை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அரைக் கிலோ இரும்பு யார் மேல் பாயும் என்று தெரியாது. சாவியிலிருந்து கையை எடுத்தால் சாவியும் கையோடு வர வேண்டும், அதற்கு விதிவிலக்கு இல்லை. கையுறை பாதுகாப்பு என்று எண்ணுவது இங்கே தப்பு. சுற்றும் பொருளில் கையுறையின் நூல் ஒன்று மாட்டினால் கையையே இழுக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, முழுக்கைச் சட்டை, கைக்கயிறு, விரித்த கூந்தல் எல்லாம் அதே கணக்கு. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இறுதியாண்டு மாணவி ஒருவர் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்தபோது கூந்தல் சிக்கி இறந்தார். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் மோட்டாரை அணைத்திருப்பார். புராஜெக்ட் கடைசி வாரத்தில் நம் பிள்ளைகளும் அப்படித்தான் ராத்திரியில் தனியாக நிற்கிறார்கள். சுருள் சுருளாக வரும் உலோகச் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால் இழுக்க வேண்டும். கிரைண்டரில் கல்லுக்கும் தாங்கு பலகைக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேலைப்பொருள் உள்ளே இழுபட்டுக் கல் உடையும்.

வெல்டிங்கை வெறும் கண்ணால் வேடிக்கை பார்த்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். ஆனாலும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், யாரோ சொன்ன சொட்டு மருந்தை ஊற்றக் கூடாது.

இனி தண்ணீர். விடுமுறை நாளில் எட்டுப் பேர் சேர்ந்து ஆற்றுக்கோ, கல்குவாரிக்கோ, கடலுக்கோ போவது விடுதி வாழ்க்கையின் முதல் கொண்டாட்டம். ஆற்றில் மணல் அள்ளிய குழி மேலிருந்து தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடப்பவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். குவாரியில் ஓரம் செங்குத்து, ஏறப் பிடிமானம் இருக்காது. கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பாதுகாப்பு என்று அங்கே இறங்குவார்கள்; பல சமயம் அதுதான் தண்ணீர் உள்ளே திரும்பிப் போகும் பாதை. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

ஒருவன் மூழ்கும்போது நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால்தான் செய்தியில் மூன்று, நான்கு என்று எண்ணிக்கை வருகிறது. மூழ்குகிறவன் கைக்கு எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறுவான், காப்பாற்ற வந்தவன் தலை மேலும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்தார்கள். தமிழக அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. துணிச்சலைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதிலிருந்த முறையும் கவனிக்க வேண்டியது: நீட்டக்கூடியதை வீசி இழுத்தார்கள். பையன்கள் போகும்போது இருபது மீட்டர் நைலான் கயிறும், மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேனும் எடுத்துப் போனால் அதுவே மிதவை.

வெளியே எடுத்தவனைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி. அழுத்தம் 5 செ.மீ. இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. 108 வரும்வரை நிறுத்தக் கூடாது.

விளையாட்டுக் காயங்கள் உயிரை எடுப்பதில்லை, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு எடுக்க உருவிவிடக் கூடாது. உள்ளே ரத்தக் கசிவு கூடும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் குமிழ் எலும்பைப் பின்பக்கமாக அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே. பந்து பட்டுப் பல் முழுசாக விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, மெஸ்ஸிலிருந்து பால் வாங்கி அதில் போட்டுக்கொண்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பதிக்க நல்ல வாய்ப்பு உண்டு. தலையில் அடிபட்டுத் தடுமாறியவன் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல் வந்தால் தூங்க விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வளாக நாய் கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனை. ஊசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில். பரீட்சை என்று கடைசி ஊசியை விடுகிறவர்கள் நிறைய.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 2019 திருத்தத்திலிருந்தே சொல்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புக்குட்பட்டு இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வேறு மாநில மாணவனானாலும் உண்டு. கல்லூரிக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று சேர்க்கை நாளன்றே விசாரித்துப் பையனின் போனில் எண்ணைப் பதிந்துவிடுங்கள்.

பெட்டியில் வைக்க: அளந்து வாங்கிய ஹெல்மெட், 10 செ.மீ. கிரேப் பாண்டேஜ், காஸ் துணி, பொவிடோன் அயோடின், பிளாஸ்திரி, கத்தரிக்கோல், ஒரு டார்ச், வழுக்காத அடி உள்ள குளியலறைச் செருப்பு, இரண்டு பருத்திக் கோட்டு. பதினாறு வயதில் போட வேண்டிய டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். போட்டிருந்தால் தேதியை ஒரு தாளில் எழுதி ரத்த வகையோடு அவன் பர்ஸில் வைத்துவிடுங்கள். அழுக்குக் காயத்தோடு போய் நிற்கும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அந்தத் தேதியும் ஒன்று.